காட்டூர் வீட்டில் நான் குடிக்காத தண்ணீர்

ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடி வீடுகள் விற்றுக்கொடுக்கும் தீபிகா, போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, செல்போனை நிறுத்திவைக்கும் முக்காலியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மேம், ஃபர்ஸ்ட் சேல் எப்படி முடிச்சீங்க, எப்படி சக்சஸ் ஆனீங்க, ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க. அதுக்கு மேல போனா யாரும் பாக்க மாட்டாங்க."

"என் முதல் விற்பனைய நானே கெடுத்தேன்மா. அதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் பத்தாது."

அவள் சிரித்துவிட்டு முக்காலியை மடக்கினாள். கிளம்பும்போது தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். நான் மேசைமேல் வைத்திருந்த டம்ளர் நிரம்பியபடியே இருந்தது. அவள் தவறாக எதுவும் செய்யவில்லை. இன்று எல்லோரும் அப்படித்தான் வீட்டுக்கு வீடு தங்கள் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறார்கள். ஆனால் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து என் நோட்டுகளை வெளியே எடுத்தேன்.

தரகு வேலையில் நான் பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. தமிழ் மாதம், கிழமை, போய்ச் சேர்ந்த நேரம், தெரு, நான்கு எல்லைகள், சொந்தக்காரர் பெயர். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: தண்ணீர். அதில் 'இனிப்பு', 'சப்பை', 'உப்பு', 'துவர்ப்பு' என்று ஏதாவது ஒன்று இருக்கும். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த வீட்டைப் பற்றி.

என் முதல் வேலை தட்டச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் நான்கு வருடம் கிரயப் பத்திரங்கள் அடித்தேன். 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, பொதுப் பாதைக்குக் கிழக்கு' என்று நாளெல்லாம் எல்லைகளை அடிப்பேன். அந்த எல்லைகளுக்கு நடுவில் இருக்கும் வீட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

அங்கே அடிக்கடி வருபவர் மெஹருன்னிஸா அக்கா. பெரிய கடை வீதியில் தம்பியின் அத்தர் கடைக்குப் பின்னால் ஓர் அறை வைத்துக்கொண்டு வீட்டுத் தரகு செய்தார். வெளியே போர்டு கிடையாது. நாற்பதை நெருங்கும் வயது, கறுப்புப் புர்கா, ஆண்கள் பிடிக்கும் நீளக் குடை, வேக நடை. அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கணவரை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட பெண்கள். ஆண் தரகர்கள் அந்த வீடுகளில் வாசலோடு நின்று கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம் பேச வேண்டியிருக்கும். அக்கா நேரே சமையலறைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த பத்திரத்தில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்ததை நான் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"உனக்கு எந்த ஊரு?"

"ஸ்ரீரங்கம்."

"பொறந்ததே அங்கயா?"

"ஆமாங்க."

"டைப் அடிச்சது போதும். என்கூட வந்துரு, வீடு பாக்கலாம்."

"எனக்கு வீட்டப் பத்தி என்னக்கா தெரியும்?"

"ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருந்து தண்ணி குடிச்சு வளந்தவ நீ. உன் நாக்குக்கு உப்பு தெரியும். மத்தத நான் சொல்லித் தரேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே புரிந்தது. அக்கா ஒரு வீட்டை ஏற்றுக்கொள்ளும் முறை இது. வாசலில் செருப்பைக் கழற்றுவார். உள்ளே போய் உட்காருமுன், "ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா, வெயில்ல வந்தது" என்பார். தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லும் வீடு எங்கள் ஊரில் கிடையாது. முதல் வாயை விழுங்காமல் சற்று வைத்திருப்பார். அந்த நேரத்தில் கண் கூரையில் ஈரக்கறை தேடும். இரண்டாம் வாய்க்குப் பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்க குக்கர்ல பருப்புக்கு எத்தன விசில் விடுறீங்க?" என்று கேட்பார். மூன்று என்றால் நல்ல தண்ணீர். "அது எங்கங்க வேகுது" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டால் அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். வீட்டை விற்க நினைப்பவர் எதைப் பற்றியும் கூட்டிக் குறைத்துச் சொல்லலாம். பருப்பு விஷயத்தில் யாருக்கும் பொய் சொல்லத் தோன்றுவதில்லை.

"பத்திரத்தப் பாத்தாலே போதாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் சொல்றதயே வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் நம்புறேன். பத்திரத்த நம்பச் சொல்றியா?"

திருச்சியில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு இனிக்கும், மூன்றாம் வீட்டு போர் உப்பாக இருக்கும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காலம். வாங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

அக்காவோடு ஆறு மாதம் சுற்றிய பிறகு, எனக்கென்று அவர் தந்த முதல் பார்ட்டி ஷாஹிதா. என்னைவிட இரண்டு வயது சின்னவள், பாலக்கரையில் ஒரு மாடிப் போர்ஷனில் இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தாள். தெருக்குழாயில் பிடித்து, குறுகலான படிகளில் குடம் குடமாக ஏற்றிக்கொண்டிருந்தாள். கணவர் கரீம் ஒன்பது வருடமாக வளைகுடாவில் எலெக்ட்ரீஷியன். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று நான் கேட்டதும் ஷாஹிதா டேப் ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

"இங்க குடிக்கறது கடல் தண்ணிய காய்ச்சி எடுத்தது, ஷாஹிதா. உப்பும் இல்ல, ருசியும் இல்ல. மார்பிள் வேணாம், மாடி வேணாம். நம்ம வீட்டுல நம்ம தண்ணிய கையில ஏந்திக் குடிக்கணும். அது ஒண்ணு பாரு."

பின்னால் ஏதோ எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. ஷாஹிதா கேசட்டை நிறுத்திவிட்டு, "அவ்வளவுதான் அக்கா" என்றாள்.

காட்டூரில் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜமால் சாரும் மனைவியும் சென்னையில் மகன் வீட்டுக்குப் போகவிருந்தார்கள். மாசி மாதம், மூன்றாம் புதன்கிழமை, பகல் இரண்டரை மணி என்று நோட்டில் இருக்கிறது. அது நோன்பு மாதம். மாமியாரைப் புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் அக்கா வரவில்லை.

"நானே வந்தாலும் குடிக்க முடியாது. இந்த மாசம் முழுக்க உன் நாக்குதான் நமக்கு. குடிச்சுப் பாக்காம வந்துராத" என்று சொல்லி அனுப்பினார்.

நல்ல வெயில். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு. பெருநாளுக்காகப் புளி போட்டுத் தேய்த்த பாத்திரங்கள் சமையலறையில் பளபளத்தன. ஜமால் சாரின் மனைவி, உதடெல்லாம் உலர்ந்திருக்க, ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றார்.

"குடிங்கம்மா. நோன்பு எங்களுக்குத்தானே, உங்களுக்கு என்ன?"

"இருக்கட்டும்மா. நீங்க எல்லாரும் வாய் நனைக்காம இருக்கறப்ப நான் மட்டும் எப்படிக் குடிக்கறது?"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்லாருக்கணும்மா நீ" என்று டம்ளரைத் திரும்பக் கொண்டுபோனார். பட்டினியாக இருக்கும் வீட்டில் பருப்பு வேகும் கதையைக் கேட்கவும் கூசியது. திரும்பும் பஸ்ஸில் என் பண்பை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

அக்கா நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்கா."

"எப்படி?"

"நல்ல தண்ணி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். குடிக்கவில்லை என்றால் திரும்பப் போகச் சொல்வார், போயிருக்கலாம். எனக்குக் கொடுத்த ஒரே வேலையைச் செய்யாமல் வந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரவு நோட்டில் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பொய்யான குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. காலியாக விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷாஹிதா வீட்டைப் பார்த்தாள். அவளும் நோன்பு; குடிக்கவில்லை. வீடு பிடித்துப்போயிற்று. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் எழுதினோம். அந்த வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் கணவரிடம் பேசும்போது என்னையும் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. வெளியே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க, தண்ணி நல்ல தண்ணிங்க. நான் நோன்புங்க, எப்படிக் குடிக்கறது? வசந்தா அக்கா குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்காங்க."

வசந்தா நான்தான்.

பங்குனி பிறந்ததும் பெருநாள் வந்தது. ஜமால் சார் வீட்டில் என்னை பிரியாணிக்கு அழைத்திருந்தார்கள். "இன்னைக்காவது குடிப்பியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா டம்ளரை வைத்தார். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. உப்பு. லேசான உப்பு அல்ல, நாக்கின் இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொள்ளும் உப்பு. டம்ளரை முழுதும் குடித்தேன். "இன்னும் ஊத்தவா?" என்றார். போதும் என்றேன்.

பத்திரப் பதிவு அடுத்த புதன்கிழமை. இரண்டு நாள் நான் கடைப்பக்கம் போகவில்லை. இருபது வருடமாக இதைத்தானே இந்தக் குடும்பம் குடிக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிக்கொண்டேன். என் முதல் வீடு இது என்றும் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேசட் ஓட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் பின்னறைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டுக் கை நீட்டினார்.

"உன் நோட்டக் குடு."

பக்கத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. நேராகத் திறந்தார்.

"இந்தக் கட்டம் இத்தன நாளா காலியா கிடக்கு. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"பாத்துட்டு ஏன்கா கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்ப. உனக்கு வாயால பொய் வருது, கையால வரல. சரி, கை ஜெயிக்குதான்னு பாப்போம்னு இருந்தேன்."

"நான் சொல்லாமயே விட்டிருந்தா?"

"செவ்வாக்கிழம நானே காட்டூர் போயி ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிருப்பேன். புதன்கிழம உன்ன டைப் அடிக்க அனுப்பியிருப்பேன்." டீயை எடுத்துக்கொண்டார். "இப்ப எந்திரி. நான் கூட வரேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்."

முதலில் காட்டூர். ஜமால் சார் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டார்.

"என் வீட்டம்மா குடுத்தாங்களே. நீங்கதானே வேணாம்னீங்க?"

"ஆமா சார்."

"முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியார் வேலை பாத்தேன். வீட்டுப்பாடம் எழுதாததுக்கு இப்படி ஒரு காரணத்த எந்தப் பயலும் சொன்னதில்ல."

அக்கா குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமால் சார் எழுந்துபோய் ஒரு பாட்டிலில் தானே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். "அந்தப் பொண்ணு குடிச்சுப் பாக்கட்டும். வேணாம்னா அட்வான்ஸ திருப்பி வாங்கிக்கட்டும். இத நல்ல தண்ணின்னு நான் ஒருநாளும் சொல்லல. நான் சொன்னதா ஊர்ல பேச்சு இருக்கவும் வேணாம்."

பாலக்கரை மாடியில் ஷாஹிதா டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை மூத்த பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவருகிட்ட நான் சொல்லிட்டேனே அக்கா. அன்னையிலேருந்து மனசுல இந்தத் தண்ணியத்தானே குடிச்சுக்கிட்டு இருப்பாரு."

அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

"இன்னைக்கு சாயங்காலம் ஃபோன் வரும். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

கதவு மூடாத அதே பூத்தில் நின்று, முகம் பார்த்திராத ஒரு மனிதரிடம், நான் குடிக்காமலே குடித்தேன் என்று சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. இதைச் சொல்லாம இருந்திருந்தா நான் ஊருக்கு வந்துதான் கண்டுபிடிச்சிருப்பேன். அப்ப என்னால என்ன செய்ய முடியும்? வேற பாருங்க. நீங்களே பாருங்க. ஆனா இந்தத் தடவ குடிச்சுட்டு சொல்லுங்க."

என் தொழில் தொடங்கியது அந்த நிமிடத்தில் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறேன்.

சித்திரையிலிருந்து ஆவணிவரை ஷாஹிதாவுக்காக வீடு வீடாகத் தண்ணீர் குடித்தேன். அரியமங்கலத்தில் துவர்ப்பு. புத்தூரில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், ஆனால் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தீராமல் நின்றது. ஆவணி கடைசி வியாழன், காலை பத்து மணிக்கு, உறையூரில் ஒரு சின்ன ஓட்டு வீடு. பின்கட்டில் கைப்பிடிச் சுவரும் கப்பியும் வைத்த கிணறு. வீட்டுக்கார அம்மா இறைத்துக் கொடுத்தார். வாயில் வைத்ததும் எனக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் நினைவுக்கு வந்தது. விழுங்க மனமில்லாமல் அப்படியே நின்றேன். "பருப்புக்கு எத்தன விசில்ங்க?" என்றேன். "விசில் என்னத்துக்கு, வெறும் சட்டியிலயே வெந்துருமே" என்றார் அவர்.

நோட்டில் அன்று 'இனிப்பு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

காட்டூர் வீட்டை அக்கா ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரருக்கு முடித்துக்கொடுத்தார். அவர்களுக்கு வெளிச்சம்தான் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும் முன் அவரையும் ஒரு டம்ளர் குடிக்கவைத்தார்.

அதன் பிறகு நான் யாரையும் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. முடிந்த வியாபாரத்தைத் தானே கலைத்த தரகுக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று ஷாஹிதா தன் தெருவில் சொல்ல, அந்தத் தெரு அடுத்த தெருவில் சொன்னது. மறு பொங்கலுக்குள் கேசட்டில் என் பெயர் வர ஆரம்பித்தது. 'தண்ணி குடிக்கிற வசந்தாகிட்ட கேளு' என்று எங்கோ பாலைவனத்திலிருந்து ஒருவர் மனைவிக்குச் சொல்வார். அந்தப் பெண் பெரிய கடை வீதியில் அத்தர் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். அக்கா என்னைக் காட்டி, "இவதான் அந்த நாக்கு" என்பார்.

கரீம் பாய் மூன்று வருடம் கழித்து ஒரு தை ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். ஷாஹிதா சொல்லியனுப்பியதால் நானும் போயிருந்தேன். பெட்டிகளைக் கூடத்தில் போட்டுவிட்டு, ஒரு அறையைக்கூடப் பார்க்காமல் பின்கட்டுக்கு நடந்தார். தானே இறைத்தார். இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. அவர் மறுபடி வாளியை இறக்கி, ஒரு டம்ளர் நிரப்பி, என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க. குடிச்சுட்டு சொல்லுங்க."

ஷாஹிதா சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மெஹருன்னிஸா அக்கா இறந்து வருகிற மாசிக்கு ஆறு வருடம். கால் நூற்றாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். எந்த வீட்டிலிருந்து திரும்பினாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எனக்கு இப்போது வேறு குறை ஒன்றும் இல்லை. ஓய்வில் இருக்கிறேன், படிக்க நேரம் இருக்கிறது, கேனில் தண்ணீர் வருகிறது. வெளியே போய்விட்டு வீடு திரும்பும்போது 'குடிச்சியா?' என்று கேட்க ஆள் இல்லை. ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போதெல்லாம் அந்தக் குரலுக்காகக் காது காத்திருக்கிறது.

ஆடி முடிந்து ஆவணியில் தீபிகா மறுபடி போன் செய்தாள். உறையூரில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்திருப்பதாகவும், பத்திரத்தில் சாட்சியாக என் பெயர் இருப்பதாகவும் சொன்னாள். கரீம் பாய் காலமாகிவிட்டார். ஷாஹிதா வெளிநாட்டில் மகனோடு இருக்கிறாள். நான் வருகிறேன் என்றேன்.

வீடு காலியாக இருந்தது. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. தீபிகா போனில் ஒவ்வோர் அறையாகப் படம் எடுத்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தாள். கிணற்றுக்குத் திறந்து மூடும் கம்பி வலை போட்டிருந்தார்கள். ஆனால் கப்பியும் வாளியும் ஒரு பழைய டம்ளரும் இருந்தன.

"குடிச்சியா?" என்றேன்.

"கிணத்துத் தண்ணியா? குடிச்சேன் மேம். நல்ல தண்ணி."

கையில் அவளுடைய பாட்டில் இருந்தது. வாளி காய்ந்து கிடந்தது. கயிறும் காய்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணத்துக்கு மேலே பார்த்த முகம் அது.

நோட்டை எடுத்து மாதம், கிழமை, நேரம், தெரு, நான்கு எல்லைகள் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை மேலே வைத்து, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் திறந்தபடி வைத்தேன். "இந்த எலுமிச்சை ஷாஹிதா வச்சது. காய் இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று அந்தப் பக்கம் போனேன்.

எலுமிச்சைக் காய்களை எண்ணினேன். பிறகு கப்பி கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழுந்தது.

நான் திரும்பி வந்தபோது அவளுடைய சுடிதார் கை முழங்கைவரை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினாள். நோட்டில், என் எழுத்துக்குப் பக்கத்தில், அவள் எழுத்து: 'இனிப்பு'.

வாங்கிக் குடித்தேன். முதல் வாயை விழுங்காமல் வைத்திருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் யாரும் இல்லை. தண்ணீர் அதே தண்ணீர்தான்.